டெர்ரி லீக்கில் எப்படி ஆடியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அயர்லாந்தில் உள்ள டெர்ரி கவுண்டியின் கேலிக் கால்பந்து அணி, 2024 மார்ச் 31 அன்று டப்ளினை வீழ்த்தித் தேசிய லீக்கை வென்றது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 20 அன்று, அடுத்த போட்டியான சாம்பியன்ஷிப்பில், சொந்த மைதானத்திலேயே டோனிகோல் கவுண்டியிடம் தோற்றது. அடுத்த ஆண்டு லீக்கில் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. இதைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய நம்மவர்களுக்கு அந்தப் பேச்சில் பாதி புரிவதில்லை. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டெர்ரி பக்கம். பதில்களிலும் அது தெரியும்.

இது சாக்கரா, ரக்பியா? கையாலயும் பிடிக்கிறாங்க, காலாலயும் உதைக்கிறாங்களே?

இரண்டும் இல்லை, இது தனி ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 15 பேர், உருண்டைப் பந்து. பந்தைக் கையில் பிடிக்கலாம். ஆனால் பிடித்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது மெதுவாக உதைத்துத் தன் கைக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். கூட்டாளிக்குக் கொடுப்பதென்றால் உதைக்கலாம், முஷ்டியாலோ உள்ளங்கையாலோ தட்டிவிடலாம். எறிவதற்கு அனுமதி இல்லை. கவுண்டி அணிகள் ஆடும் நேரம் 70 நிமிடம்.

கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் அது கோல், மூன்று பாயிண்ட். கம்பிக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவே போனால் ஒரு பாயிண்ட். 2025 முதல் தொலைவிலிருந்து அடித்தால் இரண்டு பாயிண்ட் கிடைக்கிறது. அது பின்னால் வரும்.

3-18, 2-21ன்னு போடுறாங்க. இதுல யார் ஜெயிச்சாங்கன்னு எப்படிப் பார்க்கிறது?

முதல் எண் கோல், இரண்டாவது பாயிண்ட். கோலை மூன்றால் பெருக்கிப் பாயிண்டோடு கூட்டினால் மொத்தம் வந்துவிடும். நீங்கள் கேட்ட இந்த ஸ்கோர்தான் 2024 லீக் இறுதி ஆட்டம். டெர்ரி 3-18, அதாவது 27. டப்ளின் 2-21, அதுவும் 27. கூடுதல் நேரம் முடிந்தும் சமநிலை. பெனால்டியில் 3-1 என்று டெர்ரி வென்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டோனிகோலிடம் தோற்ற ஆட்டத்தில் ஸ்கோர் 4-11, 0-17. டெர்ரி 17 முறை பந்தைக் கம்பிக்கு மேலே அனுப்பியிருக்கிறது. டோனிகோல் மொத்தமே 15 முறைதான் ஸ்கோர் செய்தது. ஆனால் அதில் நான்கு கோல். 23க்கு 17 என்று ஆறு பாயிண்ட் வித்தியாசத்தில் ஆட்டம் போய்விட்டது. ஸ்கோரை மொத்தமாக மட்டும் பார்க்கிறவர் இந்த விஷயத்தைத் தவறவிடுவார்.

லீக் வேற, சாம்பியன்ஷிப் வேறயா?

ஆமாம். லீக் ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் கடைசியில் முடியும். அயர்லாந்தின் 32 கவுண்டிகளில் கில்கெனி தவிர 31 அணிகளும், அவற்றோடு லண்டன் அணியும் ஆடுகின்றன. நான்கு டிவிஷன், ஒவ்வொன்றிலும் எட்டு அணி, ஆளுக்கு ஏழு ஆட்டம். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. மேலே வரும் இரண்டு அணிகள் டிவிஷன் ஏறும், கடைசி இரண்டு இறங்கும். முதல் டிவிஷனில் முதல் இரண்டு இடம் பிடித்தவை டப்ளினின் குரோக் பார்க்கில் இறுதி ஆட்டம் ஆடும்.

லீக் முடிந்த கையோடு சாம்பியன்ஷிப். முதலில் மாகாண அளவு; டெர்ரிக்கு அது அல்ஸ்டர். அப்புறம் அகில அயர்லாந்துப் போட்டி, அதன் பரிசு சாம் மக்வயர் கோப்பை. ரசிகர்கள் உயிரை வைத்திருப்பது இந்தக் கோப்பை மேல்தான். டெர்ரி அதை ஒரே ஒரு முறை, 1993ல் வென்றிருக்கிறது.

அப்போ லீக் சும்மா பயிற்சி ஆட்டம்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு கவலை?

இந்த வார்த்தையை டெர்ரிக்காரர் யாரிடமும் சொல்லாதீர்கள். 2019ல் டெர்ரி நான்காவது டிவிஷனில் இருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2024ல் முதல் டிவிஷனுக்கு வந்தது, வந்த ஆண்டிலேயே கோப்பையையும் எடுத்தது. டெர்ரிக்கு லீக் கோப்பை கிடைத்தது 2008க்குப் பிறகு அப்போதுதான். இடையில் 2022, 2023 என்று இரண்டு அல்ஸ்டர் பட்டங்கள். நல்ல அணிகளோடு வாராவாரம் மோதித்தான் அந்த அணி வளர்ந்தது.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. சாம் மக்வயர் போட்டியில் 16 அணிகளுக்குத்தான் இடம். மாகாண இறுதிக்கு வந்தவை போக, மீதி இடங்கள் பெரும்பாலும் லீக் வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. மற்ற அணிகளுக்கு டெய்ல்டன் கோப்பை என்ற இரண்டாம் நிலைப் போட்டி. பிப்ரவரியில் மழையில் விட்ட ஒரு ஆட்டம், கோடையில் எந்தக் கோப்பைக்கு ஆடுகிறோம் என்பதையே மாற்றிவிடலாம்.

இந்த வீரர்களுக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும்?

சம்பளம் கிடையாது. 80,000 பேருக்கு மேல் உட்காரும் குரோக் பார்க்கில் ஆடுகிறவர் மறுநாள் காலை பள்ளியில் பாடம் எடுப்பார், அல்லது கட்டட வேலைக்குப் போவார். பயணச் செலவும் சிறு உதவித்தொகையும் உண்டு, அவ்வளவுதான். வீரர்களை வாங்குவதும் விற்பதும் இல்லை. ஊர் கிளப்பில் ஆடி, அங்கிருந்து கவுண்டிக்குத் தேர்வாக வேண்டும். கோல்கீப்பர் சரியில்லை என்றால் வேறு கவுண்டியிலிருந்து ஒருவரை விலைக்கு வாங்க வழியில்லை. உள்ளவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும்.

லீக் தொடங்கும் நேரத்தில் "யார் களைத்திருக்கிறார்கள்" என்ற பேச்சு வருவதும் இதனால்தான். 2024 ஜனவரி 21 அன்று டெர்ரியைச் சேர்ந்த கிளென் கிளப் அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை வென்றது. நடுக்களத்தில் டெர்ரியின் தூணான கானர் கிளாஸ் அந்தக் கிளப்காரர்தான். குளிர்காலம் முழுக்கக் கிளப்புக்கு ஆடி முடித்தவர்களுக்கு ஓய்வு எங்கே என்று ரசிகர்கள் அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

மேட்ச் முடிஞ்சு வெளியே வரும்போது ரசிகர்கள் எதைப் பத்திதான் இவ்வளவு நேரம் பேசுறாங்க?

காது கொடுத்துக் கேட்டால் சில விஷயங்களே சுற்றிச் சுற்றி வரும். நம் கிக்-அவுட்டில், அதாவது ஆட்டத்தை மறுபடி தொடங்க நம் கோல்கீப்பர் உதைப்பதில், எத்தனை நம் கைக்கு வந்தது. எத்தனை உதை வைட் போனது, அதாவது தூணுக்கு வெளியே. பந்தை எங்கே பறிகொடுத்தோம். மாற்று வீரர்கள் வந்து என்ன செய்தார்கள். அப்புறம் காற்று.

காற்றை இங்கே யாரும் சாக்காகச் சொல்வதில்லை. பிப்ரவரியில் ஒரு பாதி முழுக்கக் காற்றை எதிர்த்து ஆடினால் நீண்ட உதை எதுவும் போய்ச் சேராது. இடைவேளையில் நான்கு பாயிண்ட் பின்தங்கியிருந்தும் ரசிகர்கள் நிம்மதியாகத் தேநீர் குடிப்பதைப் பார்க்கலாம். காற்றோடு ஆடியும் இரண்டு பாயிண்ட்தான் முன்னிலை என்றால் முகம் வாடிவிடும். புதிதாக வருகிறவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்ததும் முதலில் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பாருங்கள்.

கிக்-அவுட், கிக்-அவுட்னு உயிரை விடுறாங்களே. அது வெறும் கோல் கிக்தானே?

இந்த ஆட்டத்தின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோலுக்கும், ஒவ்வொரு பாயிண்டுக்கும், ஒவ்வொரு வைடுக்கும் பிறகு ஆட்டம் கோல்கீப்பரின் உதையிலிருந்துதான் மறுபடி தொடங்குகிறது. ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 30 ஸ்கோர் என்றால், 30 முறை பந்து யார் கைக்கு என்ற கேள்வி புதிதாக எழுகிறது. வைடுகள் அதற்கு மேல். தன் கிக்-அவுட்டை ஐந்து முறை தொடர்ந்து இழந்த அணி, பந்தைத் தொடாமலே ஐந்து பாயிண்ட் கொடுத்துவிடக்கூடும்.

2024ல் கோல்கீப்பருக்கு இரண்டு வழி இருந்தது. பக்கத்தில் நிற்கும் தடுப்பாளருக்குக் குட்டையாகத் தட்டிவிடலாம், அல்லது நடுக்களத்துக்கு ஓங்கி உதைக்கலாம். எதிரணி பின்வாங்கி நின்றால் குட்டை உதை சுலபம். எதிரணி மேலே ஏறி ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டால் அந்த வழி அடைபடும், நீண்ட உதைதான் மிச்சம். டெர்ரி மேலே ஏறி நெருக்கும் அணி. லீக்கில் அதுதான் அதன் பலம். டப்ளின் மாதிரி அணியையே மூச்சுத் திணற வைத்தது.

டெர்ரி கோல்கீப்பர் ஏன் கோலை விட்டுட்டு அவ்வளவு தூரம் மேலே வந்தார்? பைத்தியக்காரத்தனம் இல்லையா?

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எதிரணி கிக்-அவுட் எடுக்கும்போது அவர்களுடைய கோல்கீப்பரும் பந்தைத் திரும்ப வாங்க வரலாம். அப்போது அவர்கள் 15 பேர். நம் கோல்கீப்பர் கோலிலேயே நின்றால் நெருக்குவதற்கு நம்மிடம் 14 பேர்தான். ஒருவர் எப்போதும் தனியாகக் கிடைப்பார், மொத்த நெருக்கலும் வீணாகும். அந்த ஒருவரை அடைக்கத்தான் டெர்ரி கோல்கீப்பர் ஓரன் லிஞ்ச் மேலே வந்தார். தாக்குதலிலும் கூடுதல் ஆளாகச் சேர்ந்துகொண்டார். லீக் முழுக்க இது பலன் தந்தது.

இதில் உள்ள ஆபத்தும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெருக்கலைத் தாண்டி ஒரே ஒரு நீண்ட உதை சரியாக விழுந்தால், பின்னால் காலிக் கோல்.

லீக் ஃபைனல்ல டெர்ரி உண்மையிலேயே நல்லா ஆடிச்சா, இல்ல பெனால்டி அதிர்ஷ்டமா?

நன்றாக ஆடியது. டப்ளினுக்கு எதிராக குரோக் பார்க்கில் மூன்று கோல் போடுவதும், கூடுதல் நேரம் வரை விட்டுக்கொடுக்காமல் நிற்பதும் அதிர்ஷ்டத்தில் நடப்பதில்லை. பின்னாலிருந்து வேகமாக ஓடி வந்து, ஓட்டத்திலேயே பந்தை வாங்கி உள்ளே புகும் அந்த ஆட்டம் அன்று அதன் உச்சத்தில் இருந்தது. பெனால்டியில் லிஞ்ச் தடுத்தவை கோப்பையைக் கொண்டுவந்தன.

ஆனால் டப்ளின் கணக்கிலும் 27 இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அன்று மைதானத்திலிருந்து வெளியே வந்த ரசிகர்களில் சிலர், கொண்டாட்டத்தின் நடுவிலேயே, பின்னால் இவ்வளவு இடைவெளி விடுகிறோமே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வென்ற நாளில் சொல்லப்படும் குறையைக் கவனமாகக் கேட்க வேண்டும். அதில் கோபம் கலந்திருக்காது.

மூணே வாரத்துல எப்படி இப்படி ஆச்சு?

டோனிகோல், டெர்ரியின் ஆட்டத்தைப் படித்துக்கொண்டு வந்தது. டோனிகோல் மேனேஜர் ஜிம் மெக்கின்னஸ் அந்த ஆண்டுதான் திரும்பி வந்திருந்தார். 2012ல் டோனிகோலுக்கு சாம் மக்வயர் வாங்கிக் கொடுத்தவர். அவருடைய கோல்கீப்பர் ஷான் பாட்டன் அயர்லாந்திலேயே நீளமாக உதைப்பவர்களில் ஒருவர். டெர்ரி வழக்கம்போல மேலே ஏறி நெருக்கியது, லிஞ்சும் மேலே வந்தார். பாட்டன் நெருக்கலுக்கு மேலாக உதைத்தார், அந்தப் பந்துகளை டோனிகோல் பிடித்தது, எதிரே கோலில் ஆளில்லை. நான்கு கோல்களில் சில இப்படிக் காலிக் கோலுக்குள் தூரத்திலிருந்தே போனவை.

என்னை அதிகம் வருத்துவது முதல் கோல் இல்லை. அது நடந்த பிறகும் திட்டம் மாறாததுதான். லீக்கில் ஒரு அணி எல்லா வாரமும் ஒரே வழியில் வென்றால், அந்த வழியைச் சாம்பியன்ஷிப்புக்குள் எல்லா எதிரணிகளும் காணொளியில் பார்த்து மனப்பாடம் செய்துவிடும். லீக் ஆட்டத்துக்குப் பிறகு "ஜெயித்தோம், சரி. வேறு வழி ஏதாவது முயற்சி செய்தோமா?" என்று ரசிகர்கள் கேட்பது இதற்காகத்தான்.

அப்போ லீக் ஜெயிக்கிறதே சாபமா? மேயோவுக்கும் இதே ஆச்சுன்னு சொன்னாங்களே?

மேயோவுக்கு ஆனது உண்மை. 2023 ஏப்ரல் 2 அன்று கால்வேயை வென்று லீக் கோப்பை எடுத்தார்கள். ஒரே வாரத்தில் ராஸ்காமனிடம் தோற்று மாகாணப் போட்டியிலிருந்து வெளியேறினார்கள். எதிர்ப்பக்க உதாரணம் 2024ன் அர்மா. அந்த ஆண்டு லீக்கில் அவர்கள் இரண்டாம் டிவிஷன், அதன் இறுதியிலும் டோனிகோலிடம் ஒரு பாயிண்டில் தோல்வி. ஜூலையில் சாம் மக்வயர் அவர்கள் கையில்.

ஆனால் கெர்ரியைப் பாருங்கள். 2022ல் லீக்கும் சாம்பியன்ஷிப்பும் இரண்டும் அவர்களுக்கே. 2025ல் மறுபடி இரண்டும். சாபம் என்று எதுவும் இல்லை. மார்ச் இறுதிக்கும் மாகாண முதல் ஆட்டத்துக்கும் இடையே நாட்கள் மிகக் குறைவு. கொண்டாடி, காயம் ஆறி, புதிதாக ஒன்றை யோசிப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடுகிறது. பெஞ்சில் ஆள் பலம் உள்ள கெர்ரி அதைத் தாங்கியது, டெர்ரியால் முடியவில்லை.

எல்லாத்துக்கும் மேனேஜர் மிக்கி ஹார்ட்டைத்தானே சொல்லணும்?

பங்கு அவருக்கும் உண்டு, முழுவதும் இல்லை. ஹார்ட் டைரோனுக்கு மூன்று சாம் மக்வயர் வாங்கித் தந்தவர்: 2003, 2005, 2008. டைரோன் டெர்ரியின் பக்கத்துக் கவுண்டி, பரம எதிரி. அவர் டெர்ரிக்கு வந்தபோது இரண்டு பக்கமும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். லீக் வென்றதும் அந்த முணுமுணுப்பு அடங்கியது, டோனிகோலிடம் தோற்றதும் இரட்டிப்பாகத் திரும்பியது. அந்தக் கோடையில் கெர்ரியிடம் காலிறுதியில் தோற்ற பிறகு அவர் விலகினார்.

மேலே சொன்ன திட்டம் மாறாத குறை அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். ஆனால் அவரை டைரோன்காரர் என்பதற்காகத் திட்டுவதும், திட்டத்துக்காகக் குறை சொல்வதும் வேறு வேறு. டெர்ரி ரசிகர்கள் பலர் அந்த இரண்டையும் கலந்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2025ல அப்படியே கீழே விழுந்துட்டாங்களே, புது விதிகள்தான் காரணமா?

2025 லீக்கில் டெர்ரி ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடம், டைரோனோடு சேர்ந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த ஆண்டுதான் டப்ளினின் முன்னாள் மேனேஜர் ஜிம் கேவின் தலைமையிலான குழு வகுத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. கோலிலிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேலே அடித்தால் இரண்டு பாயிண்ட். மைதானத்தின் ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு மூன்று பேராவது நின்றாக வேண்டும். கிக்-அவுட் அந்த வளைவைத் தாண்ட வேண்டும், குட்டை உதை போயிற்று. கோல்கீப்பர் நடுக்கோட்டைத் தாண்டாமல், கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய செவ்வகத்துக்கு வெளியே, கூட்டாளியிடமிருந்து பந்து வாங்கக் கூடாது.

கையால் தட்டித் தட்டிப் பொறுமையாகக் கொண்டுபோகும் டெர்ரியின் பழக்கத்துக்கு இது பாதகம்தான். ஆனால் விதி எல்லா அணிக்கும் ஒன்று. பேடி டேலி என்ற புது மேனேஜர், மாறிய ஆட்டம், முந்தைய ஆண்டின் அடி, மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. விதியை மட்டும் சொல்வது சுலபமான பதில்.

இன்னொரு விளைவும் உண்டு. காற்றைப் பற்றி முன்பு சொன்னது இப்போது இன்னும் அதிகமாகப் பொருந்தும். காற்றோடு ஆடும் பாதியில் இரண்டு பாயிண்ட் உதைகள் வரிசையாக விழும். ஆறு பாயிண்ட் முன்னிலை என்பது மூன்றே உதை.

ஏழு பாயிண்ட்ல தோத்துட்டு "பரவாயில்லை, நல்லா ஆடினோம்"னு சொல்றாங்க. இது தன்னைத்தானே ஏமாத்துறது இல்லையா?

சில சமயம் ஏமாற்றுதான். ஆனால் எப்போதும் இல்லை. லீக்கில் மேனேஜர் புதுப் பையன்களை இறக்கிப் பார்ப்பார். கிக்-அவுட் எல்லாம் கைக்கு வந்து, வாய்ப்புகளும் உருவாகி, பத்து வைட் அடித்துத் தோற்றால் அது திருத்தக்கூடிய தோல்வி. எதிரணியின் சறுக்கலால் இரண்டு கோல் கிடைத்து வென்றால், அந்த வெற்றியில் அடுத்த வாரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்கோர் செய்யும் வாய்ப்பு எத்தனை முறை வந்தது, எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத் தெரியாமல் "நல்லா ஆடினோம்" என்பவரை நம்ப வேண்டாம்.

தப்பு செஞ்ச வீரரைப் பேர் சொல்லித் திட்டக் கூடாதா? காசு கொடுத்துதானே பார்க்கிறோம்?

செய்ததைப் பெயரோடு சொல்லலாம். லிஞ்ச் மேலே வந்தார், கோல் விழுந்தது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அவர் மனிதரே சரியில்லை, இனி ஊருக்குள் வரக் கூடாது என்கிற ரீதியில் பேசுவது வேறு. டோனிகோல் ஆட்டத்துக்குப் பிறகு அப்படியும் பேசினார்கள். மார்ச் 31 அன்று பெனால்டி தடுத்துக் கோப்பை கொண்டுவந்தவரும், ஏப்ரல் 20 அன்று திட்டு வாங்கியவரும் ஒரே ஆள், ஒரே திட்டத்தைத்தான் இரண்டு நாளும் செய்தார். அந்தத் திட்டம் அவர் தனியாக எடுத்த முடிவும் இல்லை.

நீங்கள் கொடுத்த டிக்கெட் காசில் அவருக்கு எதுவும் போவதில்லை, சம்பளக் கேள்வியில் சொன்னதுதான். அவருடைய அம்மா உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கலாம். இங்கே எதிரணி ரசிகர்களையே தனியாகப் பிரித்து உட்கார வைப்பதில்லை, எல்லோரும் கலந்துதான். கத்துவதை யாரும் தடுக்கப்போவதில்லை. "ஏன் இன்னும் மேலே நெருக்குறீங்க, பின்னால வாங்க" என்று கத்துங்கள். அது அவருக்கும் கேட்கும், கோட்டோரம் நிற்கும் மேனேஜருக்கும் கேட்கும்.